கடல் நாளில் ஆரி ஊசி

அறுபடை வீடு, காசி, ராமேசுவரம் என்று கோயில் பயணங்களையே ஏற்பாடு செய்து பழகியது சேலம் ஐந்து ரோட்டில் உள்ள எங்கள் அலுவலகம். அங்கே ஒரு மாலையில், அம்மாப்பேட்டையில் ஆரி வேலை, அதாவது கொக்கி முனை ஊசியால் துணியில் நூலும் மணியும் தைக்கும் பூவேலை, கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் தம் மாணவியர் நால்வரோடு வந்து அமர்ந்தார். "கப்பல்ல போகணும் பாப்பா. ஊர் பாக்குறதுக்கு இல்ல, எல்லாரும் ஒண்ணா உக்காந்து வேலை செய்யறதுக்கு" என்றார். அவர் சொன்னதன் முழுப் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்கியிருந்தால் முதல் திட்டத்தை அப்படிப் போட்டிருக்க மாட்டேன்.

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் ஆகிய துறைமுகங்களைத் தொட்டு, ஒரு முழு நாள் கடலிலேயே இருந்து சிங்கப்பூர் திரும்பும் நான்கு இரவுப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒருபுறம் சுமத்ரா தீவு மறைத்து நிற்பதால் மலாக்கா நீரிணையில் அலை பெரும்பாலும் அடங்கியே இருக்கும். ஊசி பிடிக்கும் கைகளுக்கு வங்கக் கடலைவிட அதுவே ஏற்றது என்று எண்ணினேன். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் துறைமுகத்துக்குத் துறைமுகம் பேருந்து, சுற்றுலா, கடைத்தெரு என்று ஒவ்வொரு மணி நேரத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். ஆசிரியை அதைப் படித்துப் பார்த்து, புக்கெட்டுக்கு எதிரே பேனாவால் ஒரு கோடு போட்டார். "இங்க நாங்க இறங்கல. எல்லாரும் இறங்கிப் போயிட்டா கப்பல்ல மேசை காலியா இருக்கும் இல்ல?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தும், பயணிகள் கரையிறங்கிய கப்பலில் கிடைக்கும் அமைதியை ஒரு வசதியாக நான் கருதிப் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து, இவர்கள் பணம் கொடுத்து வாங்குவது இடையூறில்லாத நேரத்தைத்தான் என்று எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். சமையல், பிள்ளைகள், வாடிக்கையாளரின் அவசரம் ஆகியவற்றுக்கு இடையே துண்டு துண்டாகத் தைத்துப் பழகியவர்களுக்கு அது எளிதில் கிடைக்கும் பொருளன்று.

மொத்தம் இருபத்திரண்டு பேர், பதினொரு அறைகள். கப்பல் கட்டணம் அறைக்கு இருவர் என்ற கணக்கில் அமைவதால், ஒருவர் விலகினால் அவருடைய துணைக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சுமை விழும். ஆகவே முன்பணம் வாங்கும் முன்பே இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விளக்கினேன். குழுவாகப் பதியும்போது 16 பேருக்கு ஒரு படுக்கை இலவசமாகக் கிடைத்தது. அது ஆசிரியைக்கே போனது. இவற்றையெல்லாம்விட அதிக நாட்களை எடுத்துக்கொண்டது பெயர்தான். நம்மவர்களுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. ஒருவரின் பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் விரிந்து நிற்கும், இன்னொருவருக்குக் கணவரின் பெயர், மூன்றாமவருக்குக் குடும்பப் பெயருக்கான கட்டமே வெறுமையாக இருக்கும். விமானச் சீட்டு, விசா, கப்பல் பட்டியல் மூன்றிலும் ஒரே எழுத்தில் பெயர் வரும்வரை நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. கப்பலில் திரும்பி வந்து சிங்கப்பூரில் இறங்குவது இரண்டாவது நுழைவாகக் கணக்கிடப்படும் என்பதால், விசாவையும் அதற்கேற்பப் பார்த்து வாங்க வேண்டியிருந்தது.

பொருட்களைத் திட்டமிட்டதே எனக்கு உண்மையான பாடமாக இருந்தது. வகுப்பில் அவர்கள் தரையில் அமர்ந்து, முக்காலிகளின் மேல் கிடத்திய நீண்ட மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டித் தைக்கிறார்கள். அந்தச் சட்டம் கப்பல் அறையின் கதவுக்குள்ளேயே நுழையாது. அதற்குப் பதிலாக, மேசை விளிம்பில் பொருத்தும் வட்ட வளையங்களை வாங்கினோம். துளையிட்ட தாளின் மேல் மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்துத்தான் துணியில் கோலத்தைப் பதிப்பார்கள். மண்ணெண்ணெயை விமானத்தில் கொண்டு போக முடியாது. ஆகவே இருபத்திரண்டு துணிகளிலும் கோலத்தைச் சேலத்திலேயே பதித்து, மடிப்பில் அழியாதபடி உருளையில் சுற்றிக்கொண்டோம். தீயைப் பற்றிய அச்சத்தால் இஸ்திரிப் பெட்டியும் பசைத் துப்பாக்கியும் கப்பலில் அனுமதிக்கப்படுவதில்லை. எனவே கல் ஒட்டும் வேலையை விட்டுவிட்டு, சங்கிலித் தையலும் மணி கோப்பதும் மட்டும் போதும் என்று ஆசிரியை முடிவு செய்தார். கப்பலின் ஆட்டத்தில் மணிகள் சிதறாமலிருக்க வழி சொன்னவர் ஒரு மாணவிதான்: ஆளுக்கொரு சிறிய அஞ்சறைப் பெட்டி. கடுகும் சீரகமும் இருக்க வேண்டிய கிண்ணங்களில் நிறம் நிறமாக மணிகள் இருந்ததை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு நாள் ஒத்திகைக்காக எல்லோரையும் ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்குத் தலை சுற்றுகிறது என்று பார்த்தால், கப்பலில் யாரைக் கவனிக்க வேண்டும் என்பது ஓரளவு தெரியும். மூவருக்குச் சுற்றியது, அவர்களுக்கு ஆட்டம் குறைவாக இருக்கும் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் அறை மாற்றினேன். மேலே ஒரு விடுதிக் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து தைத்துப் பார்த்தபோது, தரையில் உட்கார்ந்தே பழகிய முதுகுகள் ஒரு மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கின. மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, தொடுவானத்தைப் பார்த்துவிட்டு வந்து அமர்வது என்ற வழக்கம் அங்கேதான் பிறந்தது.

இத்தனையும் செய்த நான் ஒன்றை மறந்தேன். கப்பல் நிறுவனத்திடம் கூடத்தில் எத்தனை இருக்கைகள் என்று கேட்டேன், எத்தனை மேசைகள் என்று கேட்டேன், வெளிச்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எங்களுக்கு ஒதுக்கப்பட்டது இரவுக் கேளிக்கைக்கான கூடம். மங்கலான நீல விளக்குகளுக்குக் கீழே சந்தன நிறத் துணியில் வெள்ளை நூல் கண்ணுக்கே தெரியவில்லை. ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்கு அதிகம் உறைத்தது. கப்பல் ஊழியர்களிடம் பேசி, மதிய உணவு முடிந்த பின் உணவகத்தின் சன்னலோர மேசைகளை மாலை ஐந்து மணிவரை பெற்றேன். புக்கெட்டில் கப்பல் காலியான அன்று அந்த மேசைகள் காலையிலிருந்தே எங்களுக்குக் கிடைத்தன.

பினாங்கில் மட்டும் இறங்கினோம். ஜார்ஜ் டவுனில் உள்ள பெரனாக்கன் மாளிகை அருங்காட்சியகத்தில், சீன வழிவந்த நியோன்யா பெண்கள் நுண்ணிய கண்ணாடி மணிகளால் தைத்த காலணிகளைப் பார்த்தோம். மணப்பெண் தன் கையால் மணமகனுக்குத் தைத்துக் கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்திருக்கிறது. மலாய் மொழியில் மணிக்கு 'மானிக்' என்று பெயர் என அறிந்ததும், எங்கள் குழுவில் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்கு அருகே குனிந்து வரிசைகளை எண்ணத் தொடங்கினார். இளம்பிள்ளைச் சேலைகளுக்கு ரவிக்கை தைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் அவர். கூட்டிப்போன நான் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றது அந்த ஒரு இடத்தில்தான்.

கடைசி நாள் முழுவதும் கடல்தான். பெரிய பைகளை இரவே அறை வாசலில் வைத்துவிட வேண்டும். கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தில் பறிபோகலாம் என்பதால், கத்தரிக்கோல்களை அந்தப் பைகளிலேயே போடச் சொல்லியிருந்தேன். பைகள் போன பிறகும் வேலை முடியாத நான்கு பேர் வளையத்தோடு அமர்ந்திருந்தார்கள். நூலை அறுக்க ஒன்றுமில்லை. என் கைப்பையில் இருந்த நகவெட்டியை எடுத்துக் கொடுத்தேன். இரவு பதினொரு மணிவரை அது அந்த மேசையில் கைமாறிக்கொண்டே இருந்தது.