வண்டியில் குடியேறுவதற்கும் ஒரு விலாசம் வேண்டும்: ராஜபாளையம் நாயோடு நாங்கள் பட்ட பதினோரு மாதம்

நேற்று மதியம் பெரம்பூரில் இருக்கும் என் அம்மாவின் வீட்டுக்கு, எங்கள் கேரவனின் பதிவுச் சான்றான ஆர்.சி. அட்டை விரைவு அஞ்சலில் வந்து சேர்ந்தது. மடிப்பாக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, நான்கு வயது ராஜபாளையம் நாயான முத்துவையும் அழைத்துக்கொண்டு இனி வண்டியிலேயே வாழ்வது என்று நானும் என் கணவரும் கடந்த ஜூன் மாதம் முடிவெடுத்தோம். பொங்கல் முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்பது கணக்கு. கத்திரி வெயில் தொடங்கிய பிறகுதான் காகிதம் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு விஷயங்களை யாராவது முன்பே சொல்லியிருந்தால் இதில் பாதிக் காலம் மிச்சமாகியிருக்கும் என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

முதல் சறுக்கல் வண்டி தேடும்போதே நேர்ந்தது. பதின்மூன்று இருக்கைகள் கொண்ட பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் சமையல் மேடையும் போட்டுத் தருவதாகப் புறநகரில் ஒரு பட்டறைக்காரர் சொன்னார். நாற்பதாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்த பிறகுதான், இந்த மாற்றம் ஆர்.சி.யில் எப்படி ஏறும் என்று கேட்க எங்களுக்குத் தோன்றியது. "அதெல்லாம் பாத்துக்கலாம்மா, யாரு கேக்கப் போறா" என்றார். கேட்பார்கள். உற்பத்தியாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது; 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. குடியிருக்கும் வசதியுள்ள வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலை இருக்கிறது. அதன்படி சோதனை நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்ற கட்டுமானம்தானா என்பதற்குச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதைக் கண்ணால் பார்க்காதவரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எங்களுக்கு முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது, அதுவும் எட்டு முறை போன் செய்த பிறகு.

பிறகு அக்டோபரில், பக்கத்து மாநிலத்தில் ஏற்கனவே கேரவன் என்றே பதிவாகியிருந்த வெள்ளை போர்டு வண்டி ஒன்றை, வயதான ஒரு தம்பதியரிடம் வாங்கினோம். வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்களை அலைக்கழித்தது என்.ஓ.சி. எனப்படும் தடையின்மைச் சான்றுதான்.

வேறு மாநிலத்து வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப் படிவம் 28இல் இந்தச் சான்று வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சான்று எந்த அலுவலகத்துக்கு எழுதப்பட்டிருக்கிறதோ அங்கேதான் செல்லும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. மடிப்பாக்கம் எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எல்லையில் வருகிறதோ, அதன் பெயரிலேயே வாங்கி வந்துவிட்டோம். அங்கே கவுண்டரில் இருந்தவர் முதல் முறை காப்பீட்டை எங்கள் பெயருக்கு மாற்றிவரச் சொன்னார், இரண்டாம் முறை ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது, மூன்றாம் முறை சென்றபோதுதான் வாடகை ஒப்பந்தத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் இருபது நாள்ல முடியுற அக்ரிமென்ட்டை வெச்சு எப்படிம்மா போடுறது?" என்றார். விதிப்படி அவர் சொன்னது தவறில்லை. அதே ஒப்பந்தத்தை முந்தைய இரண்டு முறையும் புரட்டிப் பார்த்தவர் அவர்தான் என்பதே என்னை வதைத்தது. வீட்டுக்காரரோ அடுத்த குடித்தனக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். ஒப்பந்தத்தை நீட்டிக்க வழியில்லை.

வீடு வேண்டாம் என்று கிளம்புகிறவர்களுக்குத்தான் விலாசம் எவ்வளவு முக்கியம் என்பது அன்று உறைத்தது. ஆதார், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., வங்கிக் கணக்கு, நாயின் உரிமம் எல்லாம் ஏதோ ஒரு கதவு எண்ணில்தான் நிற்கின்றன. எங்களைக் காப்பாற்றியது, குடும்பத் தலைவரின் ஒப்புதலைக் கொண்டு ஆதாரில் முகவரியை மாற்றும் வசதி. 2023 முதல் இது இணையத்திலேயே கிடைக்கிறது. விண்ணப்பித்ததும், குடும்பத் தலைவர் என்ற முறையில் அம்மாவுக்குத் தகவல் போனது; முப்பது நாளுக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவின் கைப்பேசி எண் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது பழைய எண்ணாக இருந்ததால், எழுபத்தெட்டு வயதில் அவரை ஆட்டோவில் ஆதார் மையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

முகவரி பெரம்பூருக்கு மாறியதும் அடுத்த இடி விழுந்தது. பெரம்பூர் வேறு அலுவலகத்தின் எல்லை. கையில் இருந்த என்.ஓ.சி. அங்கே செல்லாது. மறுபடியும் பக்கத்து மாநிலம், பழையதை ரத்து செய்ய ஒரு பயணம், புதியதை வாங்க ஒரு பயணம். புதிய படிவத்துக்காக, வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை மறுபடியும் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. என் கணவர் தினத்தாளை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, மெல்லிய தாளை இரும்பின் மேல் அழுத்திப் பிடித்துத் தேய்த்தார். கிரீஸ் படிந்து கடைசி இலக்கமான 8, 3 போலத் தெரிகிறது என்று அந்தத் தாளைத் திருப்பி அனுப்பினார்கள். எண் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் நன்றாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு தேய்த்தால் எழுத்து பளிச்சென்று விழுகிறது. ஒரே மூச்சில் ஆறு பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், முதலில் விலாசத்தை முடிவு செய்துவிட்டு அதன் பிறகே என்.ஓ.சி. கேளுங்கள். இந்த வரிசை தலைகீழானதால்தான் எங்களுக்கு நான்கு மாதம் போனது.

பெரம்பூர் எல்லை அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தது, வரி கட்டியது எல்லாம் இரண்டே நாளில் முடிந்தன.

தாமதத்தால் முத்துவுக்குத்தான் பெரிய சோதனை. பொங்கலுக்குப் பின் கிளம்பியிருந்தால் மெதுவாகப் பழகியிருப்பான். மார்ச் கடைசியில் ஒரு நாள், அவனை உள்ளே விடாமல், கண்ணாடிகளை மூடி வண்டியை வெயிலில் நிறுத்தி, உள்ளே வெப்பமானியை மட்டும் வைத்துப் பார்த்தோம். வெளியே 35 டிகிரி. அரை மணி நேரத்தில் உள்ளே 48. நாயின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 38.5 டிகிரி, அது 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வண்டியோடு வந்த பேட்டரி 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி டியூபுலர் வகை. பெயருக்கு 2.4 யூனிட் என்றாலும், பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி கெட்டுவிடும் என்பதால் கைக்குக் கிடைப்பது 1.2 யூனிட்தான், சிறிய ஏ.சி. ஒன்றரை மணி நேரம் ஓடினால் அதிகம். பேட்டரியை மாற்றி, சோலார் தகடுகளைக் கூட்டியும், பகல் முழுவதும் குளிரவைக்க முடியாது என்ற முடிவுக்கே வந்தோம். அதனால் இரண்டு விதிகளை வகுத்திருக்கிறோம். ஒருவர் கடைக்குப் போனால் மற்றவர் நாயோடு இருப்பார், ஏ.சி.யை நம்பி அவனைத் தனியே பூட்டிவிட்டு ஐந்து நிமிடம்கூடப் போவதில்லை. கோடை மாதங்களைச் சமவெளியில் கழிப்பதுமில்லை.

உள்ளே இடம் அளக்கும்போதும் நாங்கள் மனிதக் கணக்கையே போட்டிருந்தோம். முத்துவுக்குத் தோள் உயரம் 72 செ.மீ., எடை 34 கிலோ. நடைபாதையின் அகலம் 55 செ.மீ. என்பதால் உள்ளே போனவனால் திரும்ப முடியவில்லை. ஒவ்வொரு முறையும் பின்னங்கால்களால் படியைத் துழாவிக்கொண்டு பின்னோக்கியே இறங்கினான். இரண்டாம் நாள் கால் வழுக்கி முகவாய் மோதியது. அன்றே மடக்கு மேசையைக் கழற்றி அம்மாவின் வீட்டுப் பரணில் போட்டுவிட்டோம். ஏறி இறங்க ஐந்தடிப் பலகை செய்து, அதன் மேல் தென்னை நார் மிதியடியை ஆணி அடித்துப் பொருத்தினோம். பெரிய நாய் வைத்திருப்பவர்கள் வண்டி பார்க்கப் போகும்போது நாயையும் அழைத்துச் செல்லுங்கள்; அளவு நாடா சொல்லாததை அது ஏறி இறங்கும் விதம் சொல்லிவிடும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, நாயையும் ஏற்றி, எடை மேடையில் ஒரு முறை நிறுத்திப் பார்ப்பதும் நல்லது. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ.

மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப், வெறிநாய்த் தடுப்பூசி ஆகியவை சிக்கலின்றி முடிந்தன. பதினைந்து இலக்கச் சிப் எண்ணைத் தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் எழுதி வாங்கினேன். ராஜபாளையம் இனம் அந்நியரைச் சட்டென்று ஏற்காது. இரவில் போலீஸார் கண்ணாடியைத் தட்டினால் என்ன ஆகும் என்ற பயத்தில், மூன்று மாதம் தினமும் இரவில் என் தம்பியை வந்து தட்டச் சொன்னோம். இப்போது தட்டும் சத்தம் கேட்டால் முத்து தன் மெத்தைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறான். இந்தப் பதினோரு மாதத்தில் எனக்கு மிக நிறைவு தந்தது அதுதான்.

பாதையைப் பற்றியும் ஒரு சொல். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். பந்திப்பூர் வழியாக இரவு 9 முதல் காலை 6 வரை செல்ல முடியாது; முதுமலைக் காட்டுச் சாலையில் நாயை இறக்குவதற்காக வண்டியை நிறுத்தவும் கூடாது. இவற்றையெல்லாம் நினைத்துத்தான் முதல் இரண்டு மாதத்துக்கு ஏற்காட்டைத் தேர்ந்தெடுத்தோம். சுமார் 1,500 மீட்டர் உயரம்; மின் இணைப்போடு வண்டி நிறுத்த ஒரு காப்பித் தோட்டத்தில் மாத வாடகைக்கு இடம் கிடைத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்படுகிறோம், வெயில் ஏறுவதற்குள் சேலத்தைத் தாண்டிவிட வேண்டும். ஆர்.சி.யின் நகல் ஒன்று அம்மாவின் பீரோவில் இருக்கிறது. முத்து நேற்றிரவே பலகையில் ஏறிப் போய் மெத்தையில் படுத்துவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கி வரவில்லை.