ஈபிடி வயலேஷன்: அதே முகவரி திரும்பத் திரும்ப வந்தால்

கெஸ்ட், அதாவது ஹைப்பர்வைசர் ஓட்டும் மெய்நிகர் கணினி, உறைந்து நிற்கும். நிஜக் கணினியான ஹோஸ்டில் ஒரு கோர் மட்டும் 100 வீதத்தில் சுற்றும். கொழும்பில் கம்பஸ் புரொஜெக்டுக்காக இன்டெல் சிபியுவின் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸில் ஹைப்பர்வைசர் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் இடம் இது: ஈபிடி (கெஸ்ட் பிசிக்கல் முகவரியை நிஜ நினைவக முகவரியாக மாற்றும் அட்டவணை) அனுமதிக்காத ஒரே தொடுகை திரும்பத் திரும்ப வருவது. ஹேண்ட்லருக்குள் பிரின்ட் போட்டுத் தேட வேண்டாம், நேரக்கணக்கே குழம்பிவிடும். கடைசி 64 எக்ஸிட்களை (கெஸ்டிலிருந்து ஹைப்பர்வைசருக்கு வரும் தாவல்களை) ஒரு அரேயில் போட்டு வைத்தால் போதும்: காரண எண், ஆர்ஐபி (கெஸ்ட் நின்ற கட்டளையின் முகவரி), கெஸ்ட் பிசிக்கல் முகவரி, குவாலிஃபிகேஷன் (எக்ஸிட்டின் விவரம் சொல்லும் பிட்கள்).

காரணம் 49 என்றால் அது மிஸ்கொன்ஃபிகரேஷன். வாசிக்கும் அனுமதி இல்லாமல் எழுதும் அனுமதி கொடுத்திருப்பீர்கள், அல்லது ரிசர்வ்ட் பிட் ஒன்றைத் தொட்டிருப்பீர்கள். சிக்கல் ஈபிடி வயலேஷனான 48இல்தான்.

குவாலிஃபிகேஷன் ஹெக்ஸில் 182 என்றால் எழுதப் போய் இல்லாத பக்கத்தில் விழுந்திருக்கிறது. 1ஏஏ என்றால் பக்கம் இருக்கிறது, எழுதத்தான் அனுமதி இல்லை. 7ஆம் பிட் 1, 8ஆம் பிட் 0 என்றால் கவனம்: கெஸ்ட் தன் தரவைத் தொடவில்லை, அதன் பேஜ் டேபிளைத்தான் சிபியு வாசித்துக்கொண்டிருந்தது. ஈபிடி பொயின்டரில் 6ஆம் பிட்டைப் போட்டு அக்சஸ்ட், டர்ட்டி கொடிகளை இயக்கியிருந்தால் இந்த வாசிப்பும் எழுத்தாகவே கணக்கிடப்படும். வாசிப்பைக் குறிக்கும் 0ஆம் பிட், எழுத்தைக் குறிக்கும் 1ஆம் பிட் இரண்டும் எழும். ஹேண்ட்லர் முதலில் 0ஆம் பிட்டைப் பார்த்து, "வாசிப்புத்தானே" என்று ரீட்-ஒன்லியாக மேப் பண்ணினால் அதே ஆர்ஐபி, அதே முகவரி, முடிவில்லாமல் வரும். எழுத்துப் பிட்டையே முதலில் பாருங்கள்.

லூப் இல்லை, ஆனால் கெஸ்டின் டைமர் நின்றுவிட்டதா? வீஎம்சிஎஸ்ஸில் (கெஸ்டை இயக்கும் விவரங்களை சிபியு வைத்திருக்கும் இடம்) ஹெக்ஸ் 4408 புலத்தின் 31ஆம் பிட்டைப் பாருங்கள்; அது 1 என்றால் காரணம் இதுதான். இன்டரப்டைக் கொடுக்கும் நடுவிலேயே ஸ்டாக் பக்கம் ஃபோல்ட் ஆகியிருக்கும். பக்கத்தை மட்டும் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் அந்த இன்டரப்ட் காணாமல் போகும். நீங்கள் எமுலேட் பண்ணும் இன்டரப்ட் கன்ட்ரோலரான ஏபிஐசியோ அதைக் கொடுத்தாயிற்று என்று நினைத்து ஈஓஐக்குக் (கெஸ்ட் தரும் "முடிந்தது" அறிவிப்புக்கு) காத்திருக்கும், அதற்குச் சமமான, கீழான முன்னுரிமை எதையும் விடாது. எத்தனை நாள் டைமர் கோடைக் குடைந்தாலும் பிழை அங்கே கிடைக்காது.

4408ஐ, அடுத்த முறை கெஸ்டுக்குள் செலுத்தவேண்டியதைச் சொல்லும் 4016க்குப் பிரதி பண்ணுங்கள். பிழைக்குறி இருந்தால் அதை வைத்திருக்கும் 440ஏயை 4018க்கு. அப்படியே தூக்கிப் போடவும் கூடாது: 4408இல் 12ஆம் பிட்டின் மதிப்பு வரையறுக்கப்படாதது, 4016இல் அது பூச்சியமாக இருந்தே ஆகவேண்டும். மறந்தால் விஎம் என்ட்ரி (கெஸ்டுக்குத் திரும்புவது) தோற்கும், பிழை எண் புலமான 4400இல் 7 என்ற எண் நிற்கும்.