நவம்பர் மானும் பல வருஷப் புள்ளியும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மியூல் டீர் என்னும் பெரிய காது மானை வேட்டையாடும் உரிமத்தைக் கடையில் நின்று வாங்கும் காலம் 1998-ஓடு முடிந்துவிட்டது. 1999 முதல் எல்லா மான் உரிமமும் டிராதான், விண்ணப்பித்தவர்களில் தேர்வானவருக்கே கிடைக்கும். ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு சீசனுக்கும் இத்தனை டேக் (ஒரு மானுக்கு ஒரு சீட்டு) என்று மாநில வனவிலங்குத் துறை எண்ணி வைக்கும். ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் 1972 சட்டத்தோடு வேட்டை மூடப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அரசே மானை எண்ணி அனுமதிச் சீட்டு விற்பது விசித்திரமாகப் படலாம். அங்கே அந்த உரிமக் காசில்தான் வனவிலங்குப் பராமரிப்பின் பெரும்பகுதி நடக்கிறது.

விண்ணப்பத்தில் நீங்கள் நிரப்புவது ஒரு குறியீடு. உதாரணமாக டி-எம்-044-ஓ4-ஆர். டி என்றால் மான், எம் ஆண், 044 பகுதி எண், ஓ4 நான்காம் சீசன், ஆர் ரைஃபிள். அந்த 'ஓ' எழுத்து, பூஜ்யம் இல்லை. 3-க்குப் பதில் 4, ஆருக்குப் பதில் வில்லுக்கான எழுத்து என்று ஒரு இடம் தவறினால் வேறு வேட்டைக்குப் போய் நிற்பீர்கள். விண்ணப்பத்தில் முதல் தேர்வு, இரண்டாம் தேர்வு என்று வரிசையாக எழுதலாம். முதல் தேர்வில் கிடைக்காவிட்டால், அடுத்த முறை முன்னுரிமை தரும் புள்ளி ஒன்று சேரும். கிடைத்துவிட்டால் சேர்த்த புள்ளி அத்தனையும் பூஜ்யம். இரண்டாம் தேர்வில் கிடைத்தால் புள்ளி கரையாது. கொலராடோவில் பெரும்பாலும் புள்ளி அதிகம் உள்ளவருக்கே முதல் இடம். நெவாடாவில் புள்ளியை வர்க்கப்படுத்திச் சீட்டுப் போடுகிறார்கள். அரிசோனாவில் 20 சதவீத டேக் உச்சப் புள்ளிக்காரர்களுக்கு, மீதி குலுக்கலுக்கு. ஐடஹோவில் புள்ளியே கிடையாது. எனவே ஒரே மாநிலத்தை நம்பிப் புள்ளி சேர்ப்பது சரியான கணக்கு இல்லை. நல்ல பகுதிகளில் தேவைப்படும் புள்ளி வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் ஒரு படி ஏறினால் ஏணியும் ஒரு படி வளர்ந்துவிடும்.

நான்காம் ரைஃபிள் சீசனுக்கு ஏன் இவ்வளவு அடிபிடி? அது நவம்பர் 20-ஐ ஒட்டி வருகிறது, ஐந்தே நாள். இணைசேரும் பருவத்தின் உச்சமும் அதே வாரம்தான். மியூல் டீர் குட்டி பெரும்பாலும் ஜூனில் பிறக்கும். சினைக்காலம் 200 நாளுக்குச் சற்று மேல். பின்னோக்கி எண்ணினால் நவம்பர் மூன்றாம் வாரத்தில் வந்து நிற்கும். செப்டம்பரில் மரம் வளரும் உயரத்துக்கும் மேலே, ஆளரவமே இல்லாத பாறைச் சரிவில் இருந்த கிழட்டு ஆண், அக்டோபரில் அடர்ந்த காட்டுக்குள் இரவாடியாகத் திரிந்த அதே ஆண், இப்போது பட்டப்பகலில் வெட்டவெளியில் நடக்கும். வருஷத்தில் அது புத்தி தடுமாறுவது இந்தப் பத்துப் பதினைந்து நாள்தான்.

ஆனால் அந்த ஆணைத் தேடிப் போகாதீர்கள். பெண்மான்களைத் தேடுங்கள். இந்த வேட்டையில் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம் அது ஒன்றுதான். (சங்கப் பாட்டில் ஆணைக் கலை என்றும் பெண்ணைப் பிணை என்றும் சொல்வார்கள், பிணை இருக்கும் இடத்துக்குக் கலை வரும்.)

வெள்ளைவால் மான் வேட்டையில் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வெள்ளைவால் ஆண் மண்ணைப் பிறாண்டி அடையாளம் வைக்கும், அதே இடத்துக்குத் திரும்பி வரும்; அங்கே மரத்தில் பரண் கட்டிக் காத்திருக்கலாம், கொம்பைத் தட்டி ஓசை எழுப்பி அழைக்கலாம். மியூல் டீர் ஆணுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு பெண்கூட்டத்தை முகர்ந்து பார்க்கும், ஒன்றும் தேறாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு நடக்கும். ஒரு பெண் பருவத்தில் இருப்பது ஒரு நாளோ ஒன்றரை நாளோதான். அப்படி ஒன்று அகப்பட்டால் அதைவிட்டு அசையாது, மற்ற ஆண்களையும் நெருங்க விடாது. அந்தப் பெண் இணையாமல் போனால் மூன்று நான்கு வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வரும். டிசம்பரிலும் ஆண்கள் அலைவது அதனால்தான்.

எனவே முதல் நாளே ஒவ்வொரு பெண்கூட்டத்தையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். இந்தக் கூட்டத்தில் ஏழு பெண், ஒரு சின்ன ஆண். அதில் எட்டு, ஆணே இல்லை. குறித்தபின் காலையும் மாலையும் சுற்றுப் போட்டு அதே கூட்டங்களைத் திரும்பப் பாருங்கள். பெண்கூட்டம் பனி கொட்டினாலொழிய அதே மலைச்சரிவில் ஓரிரு மைலுக்குள்ளேயே இருக்கும். முதல் நாள் ஆணில்லாத கூட்டத்தில் மூன்றாம் நாள் காலை பெரிய கொம்பு நிற்கலாம். 'இந்தப் பள்ளத்தில் ஒன்றுமில்லை' என்று முதல் நாளே கைவிட்டு வேறு மலைக்கு ஓடுவதுதான் இந்த ஐந்து நாளில் செய்யும் ஆகப் பெரிய தவறு.

கூட்டத்தை எங்கே தேடுவது? உயரத்தில் பனி ஒன்று ஒன்றரை அடி சேர்ந்தால் மான் கீழே இறங்கிவிடும். குளிர்கால மேய்ச்சல் நிலம் சேஜ் புதரும் மவுண்டன் மஹாகனியும் பிட்டர்பிரஷ்ஷும் உள்ள தெற்குச் சரிவு. அதை ஒட்டிப் படுக்க நிழல் தரும் பின்யன், ஜூனிப்பர் மரங்கள். வயோமிங்கில் ரெட் டெசர்ட்டுக்கும் ஹோபாக்குக்கும் இடையே 150 மைல் வலசை போகும் மான்கள் உண்டு. கோடையில் பார்த்து வைத்த மானை நவம்பரில் அதே இடத்தில் தேடினால் காலி மலையைத்தான் பார்ப்பீர்கள். குளிர்கால நிலத்தில் இன்னொரு சிக்கல், தாழ்வான நல்ல நிலமெல்லாம் பண்ணைக்காரர் பட்டாவாக இருக்கும். பொது நிலத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். அங்கே சிக்னல் இருக்காது.

பார்ப்பது நடப்பதைவிட முக்கியம். 10x42 பைனாகுலரை முக்காலியில் பூட்டிப் பாருங்கள். கையில் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காசு இருந்தால் 15x56. கொம்பை அளந்து பார்க்க மட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் குழல் தொலைநோக்கி). விடிவதற்கு அரை மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள், வெயில் முதுகில் விழும்படி. முதலில் வெட்டவெளியை ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு கட்டம் கட்டமாக. முழு மானைத் தேடினால் கண்ணில் படாது. செங்குத்தான மரங்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு முதுகுக் கோடு, ஒரு காதசைவு, வெள்ளைப் பிட்டம். இவைதான் முதலில் தெரியும். பெண் தெரிந்ததும் நகராதீர்கள். அது அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தால் ஆண் அந்தப் பக்கம் புதருக்குள் இருக்கிறது. மூச்சு பட்டு ஐபீஸில் பனி படியும். முகத்தைக் கண்ணாடியிலிருந்து விலக்கி மூச்சு விடப் பழகுங்கள், சட்டைக்குள் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த ஆண் கிழடா என்று பார்க்க, கொம்புக்கு முன் உடம்பைப் பாருங்கள். முதிர்ந்த ஆணுக்கு வயிறு தொங்கும், முதுகு சற்றுக் குழியும், மூக்குப் பாலம் புடைத்திருக்கும். கழுத்தை மட்டும் நம்பக்கூடாது, நவம்பரில் மூன்று வயதுப் பயல்களுக்கும் கழுத்து வீங்கியிருக்கும். அகலத்துக்குக் காதுதான் அளவுகோல்: விறைத்து நிற்கும் ஆணின் காது நுனிக்கு நுனி ஏறத்தாழ 20 முதல் 22 அங்குலம். இருபுறமும் காதுக்கு வெளியே கொம்பு மூன்று அங்குலம் நீண்டால் 26, 28 என்று கணக்கு. ஆனால் அகலம் கண்ணை ஏமாற்றும். கிளைகளின் ஆழமே மதிப்பெண்ணைக் கூட்டுவது: கொம்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரியும், முன்கவையும் பின்கவையும் ஆழமாக இருக்க வேண்டும். மேற்கில் ஒரு பக்கத்து முனைகளை மட்டும் எண்ணி 'நான்குக்கு நான்கு' என்பார்கள். கொம்புச் சாதனைகளைப் பதிவு செய்யும் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் பதிவேட்டில் சீரான கொம்புக்கு 190 மதிப்பெண் வேண்டும். கொலராடோவின் டோலோரஸ் கவுண்டியில் 1972-ல் விழுந்த மான் 226 4/8. இருபது வருஷப் புள்ளி கையில் இருக்கிறது என்பதற்காக 190-க்குக் குறைந்ததைத் தொடமாட்டேன் என்று நிற்பவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார்கள்.

நெருங்குவதில் உங்கள் எதிரி ஆண் இல்லை. அது அரைமயக்கத்தில் இருக்கிறது. எட்டுப் பெண்களின் பதினாறு கண், பதினாறு காது. ஒன்று சீறிக் காலைத் தட்டினால் எல்லாம் நான்கு காலையும் சேர்த்துத் துள்ளிக்கொண்டு மலையேறிவிடும். ஆரஞ்சு உடுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். சட்டப்படி இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலமும் தலையில் ஒன்றும் கட்டாயம். மானுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாது, அசைவுதான் தெரியும். காற்றைத்தான் பார்க்க வேண்டும். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறி ஒன்றிரண்டு மணியில் திரும்பி மேலே ஏறும். கீழிருந்து தொடங்கிய நடை பாதி வழியில் கெடுவது இந்தத் திருப்பத்தில்தான். திரும்பும்வரை காத்திருந்து, பின்பக்கமாகச் சுற்றிப் போய் மேலிருந்து இறங்குங்கள். கிளம்புமுன் மான் நிற்கும் இடத்தை ஃபோனில் படமெடுத்து, ஒரு பட்டமரத்தையோ பாறையையோ குறித்துக்கொள்ளுங்கள். எதிர்மலையிலிருந்து பார்த்த இடம், பக்கத்தில் போனால் அடையாளமே தெரியாது.

சுடும் தூரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். .270 ரைஃபிளில் 130 கிரெய்ன் தோட்டா 200 கெஜத்தில் குறியில் விழும்படி பொருத்தியிருந்தால், 300-ல் ஏறத்தாழ 7 அங்குலம், 400-ல் 20 அங்குலம் தாழும். குறுக்கே மணிக்கு 10 மைல் காற்றடித்தால் 300-ல் 6, 7 அங்குலம் நகரும். மானின் உயிர்நிலை பத்து அங்குல வட்டம்தான். 30 பாகைச் சரிவில் 300 கெஜத்தில் நிற்கும் மானுக்கு, சமதரையில் 260 கெஜத்துக்கு வைக்கும் குறியே வேண்டும். இதைக் கணக்கிடும் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) வாங்குங்கள். தோளுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி. விசை அமுக்குமுன் ஒன்று: ஆணுக்குப் பின்னால் பெண் நிற்கிறதா? இந்தப் பருவத்தில் இரண்டும் ஒட்டியே நிற்கும், தோட்டா ஊடுருவிப் போகும், உங்களிடம் இருப்பது ஒரே டேக். இடைவெளி தெரியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஓடும் மியூல் டீர் கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கும் வழக்கமும் உண்டு, அதனால் ஓடும்போது சுட வேண்டியதில்லை. சுட்டபின் அதே இடத்தில் இன்னொரு ஆண் வந்து நிற்கும்; அதைத் தப்பிப்போனது என்று நினைத்து மறுபடி சுட்டவர்கள் உண்டு.

துப்பாக்கியின் போல்ட்டில் எண்ணெய் இருந்தால் உறைகுளிரில் கெட்டியாகி ஊசி மந்தமாக அடிக்கும். சீசனுக்கு முன் கழுவி உலர்த்திவிடுங்கள். இரவில் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள், வியர்த்து மறுநாள் உறையும்.

மான் விழுந்த பின்னரே டேக்கைக் கிழித்துத் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். முன்கூட்டிச் செய்தால் அது செல்லாது. பிறகு கத்தி. பின்னங்கால் முழங்கணுவின் உட்பக்கம் கருத்து, ஈரமாக, நாறும் சுரப்பி இருக்கும். பருவ ஆண் அதில் மூத்திரம் பெய்து தேய்க்கும். அதைத் தொட்ட கையுறையோடு கறியைத் தொட்டால், 'நவம்பர் மான் கறி நாறும்' என்ற கெட்ட பெயர் உங்கள் மானுக்கும் வந்துவிடும். வெட்டி எடுக்க வேண்டியதில்லை, தொடாமல் சுற்றி உரியுங்கள்; தொட்டால் கையுறையையும் கத்தியையும் மாற்றுங்கள். குளிர்தானே என்று தோலோடு இரவெல்லாம் போடக்கூடாது. பருவ ஆணின் தோலும் கழுத்தும் தடிமன். தொடை எலும்பின் மூட்டருகே சூடு தங்கிக் கறி கெடும். உடனே உரித்து, கால்களைப் பிரித்து, துணிப்பைகளில் நிழலில் தொங்கவிடுங்கள். ஆண் என்பதற்கான அடையாளம் ஒரு துண்டோடு இயற்கையாக ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய ஆணில் எலும்பு நீக்கிய கறி 60 முதல் 80 பவுண்டு. தலையும் சேர்த்து இரண்டு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்சாலை காலையில் உறைந்திருக்கும்போதே வண்டியை வெளியே எடுங்கள், பதினோரு மணிக்கு அது சேறு.

கடைசியாகத் தலை. சிடபிள்யூடி என்னும் மூளைநோய் முதன்முதலில் தெரிந்தது 1967-ல், ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வளர்த்த மியூல் டீரில்தான். சில பகுதிகளில் பரிசோதனை கட்டாயம். கட்டாயமில்லாத இடத்திலும் கொடுப்பது நல்லது. தொண்டைக்குப் பின்னுள்ள நிணநீர்க் கணுக்கள்தான் மாதிரி, ஆகவே தலையைத் துண்டிக்கும்போது கழுத்தை இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டுங்கள். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான பதிவு இல்லை. ஆனாலும் நோய் உறுதியான கறியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. முடிவு வரும்வரை அந்த மானின் கறியைத் தனிப் பொட்டலமாக, பெயரும் மாதிரி எண்ணும் எழுதி, ஃப்ரீசரின் ஒரு மூலையில் தனியே வையுங்கள். கசாப்புக் கடையில் அரைக்கக் கொடுத்தால் மற்றவர் கறியோடு சேர்க்காமல் தனியாக அரைக்கச் சொல்லிவிடுங்கள்.