மஞ்சள் ரப்பர் பேண்ட்

காலை ஆறரை மணி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரிசையில் இரண்டு ஃபைல்களை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தான் நண்பன்.

அம்மாவுக்கு மார்பகப் புற்று. இரண்டே மாதத்தில் அக்காவுக்கும்.

அம்மா ஃபைலுக்கு மட்டும் மஞ்சள் ரப்பர் பேண்ட். மாறிவிடக் கூடாதாம். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தைரியமா இரு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஃபைல்களைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"போய் ரெண்டு இட்லி சாப்பிட்டு வாடா. நான் நிக்கிறேன்."

தயங்கினான். அப்புறம் போனான்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் தொடங்கிய இடம் இது. எத்தனை குடும்பங்களின் துக்கத்தைத் தாங்கியிருக்கும் இந்த வாசல்!

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு முதல் கீமோ. ஆபீஸில் லீவு சொல்லிவிட்டேன்.