குரோதி வருடத்துக் கல்யாணம்

2024 ஜூன் மாதம் ஒருநாள் காலையில் என் கைபேசி, "3 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்" என்று தலைப்பிட்டு, என் பெற்றோரின் கல்யாணப் படத்தைக் காட்டியது. ஓரம் மஞ்சளேறிய அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை 2021இல் நான் ஸ்கேன் செய்திருந்தேன். கைபேசிக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாளும் நிமிடமும்தான்.

சரியான தேதியைப் போட்டுவைக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். "புயலடிச்ச மறுமாசம், குரோதி வருசம் தை" என்றார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததை எங்கள் பக்கத்தில் இன்றும் வெறுமனே 'புயல்' என்றுதான் சொல்வோம். பாம்பன் ரயில் பாலம் சிதைந்து கிடந்ததால் மாப்பிள்ளை வீட்டார் தீவிலிருந்து மண்டபத்துக்குப் படகில் வந்தது, உறவில் பல வீடுகளில் சாவு விழுந்திருந்ததால் மேளம் வைக்காமலே தாலி கட்டியது, நனைந்த பட்டுப்புடவையை நிழலில் உலர்த்திக் கட்டிக்கொண்டது எல்லாம் அவருக்கு நேற்று நடந்ததுபோல் நினைவிருக்கின்றன. ஆங்கிலத் தேதி மட்டும் தெரியவில்லை. அது தேவைப்பட்டதே இல்லை என்றும் சொன்னார்.

அப்பாவின் திதியிலும் இதே சிக்கல்தான். அவர் 2019 செப்டம்பர் 3 அன்று, பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள், ஆவணி வளர்பிறைப் பஞ்சமியில் காலமானார். கைபேசி ஆண்டுதோறும் செப்டம்பர் 3 அன்று தவறாமல் மணியடிக்கிறது. திதியோ சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை விலகுவதைக் கொண்டு கணிக்கப்படுவதால் 2020இல் ஆகஸ்டிலும் 2021இல் செப்டம்பர் 11இலுமாக நகர்ந்துகொண்டே இருந்தது. 2023இல் சதுர்த்தியே புரட்டாசிக்குப் போய்விட, பண்டிகையை வைத்து நாள் குறித்திருந்த நான் ஏமாந்திருப்பேன். தினசரிக் காலண்டரின் தாள்களை விரலால் தள்ளிப் பார்த்த அம்மா, "ஆவணிப் பஞ்சமி ஆகஸ்ட்லயே வருது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

சிவகாசியில் அச்சான அந்தக் காலண்டர் அடுக்களைக் கதவோரம் ஆணியில் தொங்குகிறது. ராகு காலம், சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் பார்த்து முடித்தபின் கிழித்த தாளில் பால் கணக்கு எழுதப்படும், அல்லது கோயில் திருநீறு மடிக்கப்படும். பக்கத்திலிருக்கும் மாதக் காலண்டரில் சிலிண்டர் மாற்றிய நாள் பேனாவால் வட்டமிடப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் செயலியில் ஏற்றிக்கொடுக்க நான் இருமுறை முயன்று தோற்றிருக்கிறேன். உண்மையில் தோற்றதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கல்யாணப் படத்துக்கு வருவோம். கைபேசி மாதத்தோடு விடுவதாயில்லை; தேதி, மணி, நிமிடம் மூன்றையும் கேட்டது. வேறு வழியின்றி 1965 பிப்ரவரி 1, காலை 6 மணி என்று நானாகவே ஒன்றைப் போட்டு வைத்தேன், பிறகு மறந்தும் போனேன். 2025 பிப்ரவரி 1 அன்று விடிந்ததும் என் மகள் தன் கைபேசியை நீட்டிக்கொண்டு, "அப்பத்தா, இன்னைக்கு உங்க கல்யாண நாள், 60 வருசம் ஆயிருச்சு" என்று ஓடினாள்.

"இன்னைக்கா?" என்று அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எழுந்துபோய் முந்தின நாள் தாளைக் கிழித்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குரோதி வருடம், தை 19 என்று அச்சிட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஆமா, அதே குரோதிதான். திரும்ப வந்திருச்சு."