கிளினிக் கவுண்டரிலிருந்து ஆறாவது வாரம் வரை

கோலாலம்பூரில் நம்மவர்களுக்கு மனம் சரியில்லாமல் போனால் முதலில் பேசுவது வயிறும் நெஞ்சும்தான். "வாயு புடிச்சிருக்கு டாக்டர், நெஞ்சு அடைக்குது, ராத்திரி தூக்கமே இல்ல" என்று சொல்லி, வீட்டுப் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் கேஸ்ட்ரிக் மாத்திரை வாங்கி வருவார்கள். இரண்டு வாரம் கழித்து அதே கிளினிக், அதே மாத்திரை. டாக்டரைக் குறை சொல்வதற்கில்லை. வாயு என்று சொன்னவருக்கு வாயு மாத்திரை கிடைக்கிறது. சொல்ல வந்ததைச் சொல்ல நமக்கு ஐந்து நிமிடமும் அரைகுறை மலாயும்தான் இருக்கின்றன. அதனால் மனச்சோர்வு, பதற்றம் என்று கிளினிக்குக்குப் போகிறவர்களோடு கூடப் போய்ப் பழகியவர்கள் முதலில் சொல்வது ஒன்றே: புறப்படும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட நோட்டில் அரைப் பக்கம் போதும். ‘மனசு பாரமா இருக்கு’ என்பதை டாக்டரால் அளக்க முடியாது. ‘11 மணிக்குப் படுக்கிறேன், 3 மணிக்கு முழிப்பு வருகிறது, பிறகு தூக்கம் இல்லை, வாரத்தில் 5 நாள் இப்படி, 7 வாரமாக’ என்பதை அளக்க முடியும். அதேபோல எடை எவ்வளவு குறைந்தது, வேலைக்கு எத்தனை நாள் போகவில்லை, முன்பு விரும்பிச் செய்த எதை இப்போது தொடுவதே இல்லை, குடிப்பழக்கம் எவ்வளவு, வேறு என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள். கடைசி வரியில், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று ஒரு வார்த்தை. சித்த மருந்தோ கஷாயமோ சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மனச்சோர்வு மாத்திரையோடு சேரக்கூடாத மூலிகைகள் உண்டு.

எப்போது போவது? பெரும்பாலான நாள், நாளின் பெரும்பகுதி, மனம் சோர்ந்தோ எதிலும் பிடிப்பில்லாமலோ 2 வாரம் தொடர்ந்தால் போகலாம். பதற்றத்துக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. ரயிலில் ஏறப் பயம், கூட்டத்தில் நிற்கப் பயம் என்று ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தாலே போய்விடுங்கள். 2023 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருக்கிறது. ஏறக்குறைய 10 லட்சம் பேர். கிளினிக் ஊழியர்களுக்கு நீங்கள் புதிய காட்சி இல்லை.

போக வேண்டிய இடம் வட்டார அரசுச் சுகாதாரக் கிளினிக், அதாவது ‘கிளினிக் கெசிஹாத்தான்’. நேராக மனநல மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். மைகாட் (அடையாள அட்டை) எடுத்துப் போங்கள், காலையிலேயே போங்கள். கவுண்டரில் பலர் தடுமாறுவார்கள். பின்னால் நம் ஆள் யாராவது நிற்கிறாரோ என்ற கூச்சத்தில் "டெமாம்" என்று சொல்லிக் காய்ச்சல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். "சாயா நாக் ஜும்பா டோக்டர், பாசால் திடோர் டான் தெக்கானான்" என்றால் போதும்: தூக்கமும் மன அழுத்தமும் பற்றி டாக்டரைப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் கவுண்டரில் எதுவும் விளக்க வேண்டாம். வேலைக்குக் காட்ட எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், தேவைப்பட்டால் அதில் இருக்கப்போவது பொதுக் கிளினிக்கின் முத்திரைதான். நோயின் பெயரை எழுதாமல் தரும்படியும் டாக்டரிடம் கேட்கலாம். வேலைவாய்ப்புச் சட்டப்படி 2 வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு, 2 முதல் 5 வருடம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மனநோய்க்கும் இதே கணக்குதான்.

உள்ளே போனால் பெரும்பாலும் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். ‘டாஸ்-21’ என்பது பரவலாகப் பயன்படுவது. 21 கேள்வி, சோர்வுக்கு 7, பதற்றத்துக்கு 7, அழுத்தத்துக்கு 7. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. கேட்பது போன ஒரு வாரத்தைப் பற்றி மட்டும். கூட்டிய பிறகு 2ஆல் பெருக்குவார்கள், ஏனென்றால் மூலத்தாளில் 42 கேள்விகள். உதாரணமாக, சோர்வுக் கேள்விகளில் 9 வாங்கியவரின் கணக்கு 18. சோர்வில் 9 வரை இயல்பு, 10 முதல் 13 லேசானது, 14 முதல் 20 நடுத்தரம், 21 முதல் 27 கடுமை, 28உம் அதற்கு மேலும் மிகக் கடுமை. பதற்றத்துக்கு எல்லைகள் வேறு: அங்கே 10 என்பதே நடுத்தரம். ஆகவே இரண்டு எண்களை ஒப்பிட்டு ‘பதற்றம் கம்மிதான்’ என்று தேற்றிக்கொள்ளக் கூடாது.

இந்தத் தாளில் தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். மனைவியோ அம்மாவோ தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிடுவார்கள். வாய் உலர்ந்து போகிறதா என்று ஒரு கேள்வி உண்டு; சர்க்கரை நோயாளி அதற்கு 3 போடுவார், பதற்றக் கணக்கு ஏறிவிடும். ‘வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லை’ என்ற மாதிரிக் கேள்வியைத் தத்துவக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லும் பெரியவர்களும் உண்டு. தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள். மலாய் புரியாவிட்டால் தாதியிடம் கேளுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பா சாக நினைத்ததைப் பிள்ளை வாயால் டாக்டருக்குச் சொல்ல நேர்வது கொடுமை.

அந்தக் கேள்வி கட்டாயம் வரும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா, எப்படி என்று யோசித்தீர்களா என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உடனிருப்பவர்களும் நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. இருக்கிறது என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். மாத்திரைகள் குடும்பத்தில் ஒருவர் கையில் இருக்கட்டும். திட்டமே போட்டுவிட்டார் என்றால் முன்பதிவு, கடிதம் எதுவும் வேண்டாம், நேராக எந்த அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம், 999க்கும் அழைக்கலாம். நடு இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும்.

பிறகு டாக்டர் இரத்தம் எடுக்கச் சொல்வார், சிலருக்கு இசிஜியும் எடுப்பார்கள். "மனசுக்கு எதுக்கு ரத்தம்?" என்று எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. தைராய்டு அதிகமானால் படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை வரும். குறைந்தால் சோர்வும் மந்தமும் வரும். இரத்தசோகையும் ஆளைச் சாய்த்துவிடும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் மனச்சோர்வு என்று சொல்ல முடியும். இந்தப் பரிசோதனையைக் கேட்கும் டாக்டர் கவனமானவர்.

மாத்திரை தந்தால் அது பெரும்பாலும் செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம், ஃப்ளூவாக்ஸெடின் மூன்றில் ஒன்றாக இருக்கும். செர்ட்ரலின் என்றால் பொதுவாக 50 மில்லிகிராம், பீதி (திடீரென்று பாயும் கடும் பயம்) அதிகம் உள்ளவருக்கு 25இல் தொடங்குவார்கள். இங்கிருந்துதான் கஷ்டமான பகுதி. முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி வரலாம். சிலருக்குப் படபடப்பு முன்பைவிடக் கூடும், தூக்கம் இன்னும் கெடும். பலன் அப்போது துளியும் தெரியாது. பக்கவிளைவு முதல் நாளே வரும், பலன் 2 முதல் 4 வாரம் கழித்தே தலைகாட்டும், முழுப் பலனைப் பார்க்க 6 முதல் 8 வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். "சாப்பிட்டேன், இன்னும் மோசமாச்சு" என்று சொந்தக்காரர்களிடமும் சொல்லி, அடுத்தவர் போகும் வழியையும் அடைத்துவிடுகிறார்கள்.

இடைவெளியைக் கடக்கச் சில எளிய வழிகள் உண்டு. மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றலாம், அசதி வந்தால் இரவுக்கு. டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். லாரி, கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் முதல் சில நாள் உடம்பு எப்படி ஏற்கிறது என்று பார்த்துவிட்டு வண்டியை எடுக்க வேண்டும். தைப்பூச விரதத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள் அந்த வேளையோடு போட்டுக்கொள்ளலாம். விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. கோயிலுக்குப் போவதும் திருநீறு பூசுவதும் மனதுக்குத் தெம்பு தந்தால் தாராளமாகச் செய்யட்டும். மந்திரிக்கிறவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் அவர் பேச்சைக் கேட்கக் கூடாது. பீர், சம்சு இரண்டும் வேண்டாம். குடித்த இரவு தூக்கம் வந்தாலும் விடியற்காலைப் பதற்றம் கூடும். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் முதல் வாரங்களில் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சாகும் எண்ணம் இந்தக் கட்டத்தில் சிலருக்குக் கூடலாம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத பக்கவிளைவு ஒன்றும் உண்டு: தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைவது, நேரம் பிடிப்பது. சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றித் தருவார்கள். சொல்லாமல் நிறுத்துகிறவர்களே அதிகம்.

அல்பிரஸோலம் போன்ற, போட்ட அரைமணியில் படபடப்பை அடக்கும் மாத்திரைகள் வேறு வகை. அவற்றை 2 முதல் 4 வாரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. பழகிவிட்டால் விடுவது கடினம். தெரிந்தவரிடம் இரண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம்.

மாத்திரை மட்டும் போதுமா என்றால், பீதிக்குப் பல நேரம் போதாது. பீதி வரும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் இறங்கும். அட்ரினலின் பாய்கிறது, மூச்சு வேகமாகிறது, இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல் நுனி மரத்து, தலை சுற்றி, ‘இதோ போகப்போகிறேன்’ என்று தோன்றும். 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கும். ஆழமாக மூச்சு இழு என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வது பல நேரம் நிலைமையைக் கெடுக்கும். மூக்கால் 4 எண்ணி மெதுவாக இழுத்து 6 எண்ணி விட வேண்டும். வெளிவிடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். முதல் தடவை வந்த நெஞ்சுவலியை மட்டும் பீதி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மருத்துவமனையில் ஒருமுறை இதயத்தைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, விட்ட இடத்துக்குத் திரும்பப் போவது. பயத்தால் கிளானா ஜெயா வழித்தட எல்ஆர்டி நகர ரயிலை விட்டவரை எடுத்துக்கொள்வோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்குப் போய், ஏறாமல் 20 நிமிடம் நிற்பது முதல் படி. பிறகு கூட்டம் இல்லாத நேரத்தில் பங்சார் வரை ஒரே நிலையம். தண்டவாளம் மேலே ஓடுகிறது, வெளிச்சம் இருக்கும். மூன்றாவதாக எதிர்த்திசையில் பசார் செனி. நான்காவதுதான் கடினம்: பசார் செனி தாண்டியதும் ரயில் மண்ணுக்குள் இறங்கும், மஸ்ஜித் ஜாமெக் பூமிக்கு அடியில். அங்கே பதற்றம் 10க்கு 7 என்று ஏறும்போது அடுத்த நிலையத்திலேயே குதித்து ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தேன் என்று மூளை பதிவு செய்துகொள்ளும். 7 என்பது 4க்கு இறங்கும் வரை, டாங் வாங்கியோ கேஎல்சிசியோ ஆனாலும், உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியையும் வாரத்துக்கு 4, 5 முறை, சலிக்கும் வரை. துணைக்கு ஆள் முதலில் பக்கத்தில், பிறகு அடுத்த பெட்டியில், பிறகு வீட்டில். தைரியத்துக்கு என்று எடுத்துப்போகும் தண்ணீர்ப் புட்டியும் பையில் வைக்கும் படபடப்பு மாத்திரையும் இல்லாமல் போன நாளில்தான் அந்தப் படி முடிந்தது என்று கணக்கு.

இதை ஆலோசகரோடு சேர்ந்து செய்தால் 8 முதல் 12 அமர்வு பிடிக்கும். அரசுக் கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கி மருத்துவமனைக்கோ ‘மென்தாரி’ சமூக மனநல மையத்துக்கோ போகலாம். அரசு மருத்துவமனை நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், ஆனால் நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். தனியாரிடம் போனால் அமர்வுக்கு 100 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். ஆலோசகர் என்று பலகை வைத்திருப்பவரிடம் 1998 ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு எண்ணும் நடப்பு அனுமதியும் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. தமிழில் பேசுகிறவர் வேண்டும் என்றும் கேளுங்கள். அழுகை வரும்போது யாரும் மலாயில் அழுவதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று விளையாட்டாகச் சொல்வதை நிறுத்துங்கள். 1911இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனையின் பெயரை நூறு வருடமாக வசவாக்கி வைத்திருப்பதால்தான் உங்கள் வீட்டுப் பிள்ளை கவுண்டரில் காய்ச்சல் என்று பொய் சொல்கிறது. மாத்திரை போட்டாயா என்று தினமும் விசாரணை வைக்காமல், மருந்து வாங்கும் தேதிக்குக் கூடப் போய் நில்லுங்கள்.

மூன்றாவது மாதத்தில் இன்னொரு சறுக்கல் வரும். நன்றாகத் தூங்குகிறார், பசிக்கிறது, சிரிக்கிறார். குணமாகிவிட்டது என்று மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவார். இரண்டு, மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் சுருக்கென்று கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு. இது பெரும்பாலும் மருந்து சட்டென்று நின்றதன் விளைவு. நோய் திரும்பினால் மெதுவாக, வாரக்கணக்கில் திரும்பும். குணமான நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் அதே அளவில் தொடர வேண்டும். அதன் பிறகு டாக்டர் சொல்லும் அளவில், 50 என்றால் 25, பிறகு அதிலும் பாதி என்று, வாரங்கள் விட்டு விட்டு இறக்கலாம். இறக்கும் மாதங்களில் அந்தப் பள்ளிக்கூட நோட்டைத் திரும்ப எடுத்து, படுத்த நேரம், முழித்த நேரம் இரண்டையும் மட்டும் எழுதிவந்தால் போதும். 3 மணி முழிப்பு வாரத்தில் 3 நாளுக்கு மேல் எட்டிப் பார்த்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அதே கவுண்டருக்குப் போய் மைகாட்டை நீட்டுங்கள்.