பென் டிரைவைப் பிடுங்கிய பிறகும்

பென் டிரைவைப் பிடுங்கிவிட்டேன். லினக்ஸ் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது!

டெபியன் லைவில் (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்), கணினி தொடங்கும்போது வரும் பூட் வரியில் 'டுரேம்' (toram) என்று சேர்த்தால் சிஸ்டம் மொத்தமும் ரேமுக்கு ஏறிவிடும், அதைத்தான் செய்தேன்.

ஆனால் பிரவுசரை முதல்முறை திறந்தபோது நன்றாகவே திணறியது. மூடிவிட்டு மறுபடி திறந்தால் உடனே வந்து நிற்கிறது.

எல்லாம் ரேமில்தானே இருக்கிறது, அப்புறம் என்ன தாமதம்?

எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் பார்த்தேன், சிபியு உச்சத்தில் இருந்தது. ரேமில் இருப்பது ஸ்குவாஷ்எஃப்எஸ், அதாவது சிஸ்டத்தைக் கட்டை கட்டையாக (பிளாக்) அமுக்கி வைத்த கோப்பு. அதில் துளி தேவைப்பட்டாலும் அந்தக் கட்டையே முழுதாகப் பிரிக்க வேண்டும். கட்டையின் வழக்கமான அளவு 128 கேபி, என்னுடையதில் 1 எம்பி. போதாததற்கு அமுக்கிய முறை எக்ஸ்இசட், அது நன்றாக அமுக்கும், பிரிப்பதில் மிக மெதுவு. ஒருமுறை பிரித்ததைக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பேஜ் கேஷில் (ரேமில் உள்ள தற்காலிக இடம்) வைத்துக்கொள்வதால்தான் இரண்டாம் முறை அந்த வேகம்.

சரி என்று, பிரிப்பதில் வேகமான இசட்எஸ்டிடி முறையில் அந்தக் கோப்பை மறுபடி கட்டினேன் (2017இல் வந்த 4.14 கெர்னலிலிருந்தே ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் அது உண்டு). கோப்பு கொஞ்சம் பெருத்தது, திணறல் போய்விட்டது.

ரேம் குறைவான கணினியில் அந்தக் கூடுதல் இடம் வலிக்கும்தான். பேஜ் கேஷை நெருக்கடியில் கெர்னல் விட்டுவிடும், ஆனால் நாம் புதிதாக எழுதும் கோப்புகள் டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது ரேமிலேயே இருக்கும் கோப்பு இடத்தில், கிடக்கின்றன, ஸ்வாப் (ரேம் நெருக்கடியில் உதவ வட்டில் ஒதுக்கும் இடம்) இல்லையென்றால் அவற்றுக்குப் போக வேறு இடமே இல்லை.